சரக்கும் கரியும்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

1

சரக்குப் போக்குவரத்தை டீசலிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் விடுவிப்பது எப்படி என்கிற கேள்வி இன்று எல்லா மேடைகளிலும் கேட்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் கப்பல் அமைப்பு கேட்கிறது, லாரி செய்யும் கம்பெனிகள் கேட்கின்றன, சூழலியல் தோழர்களும் கேட்கிறார்கள். பதில்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. டீசல் லாரிக்குப் பதில் மின்சார லாரி, எண்ணெய்க் கப்பலுக்குப் பதில் அம்மோனியாவில் ஓடும் கப்பல், மிச்சத்துக்கு ரயில். எஞ்சினை மாத்து, எல்லாம் சரியாயிடும் என்பதுதான் இந்தச் சொல்லாடலின் சாரம்.

இதே கேள்வியை லைட்ஹவுஸ் குப்பத்தில் நின்றுகொண்டு கேட்டுப்பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் உள்ள மீனவர் ஊர் அது. மதராஸுக்குப் போய்வரும் கப்பல்கள் மணல்மேட்டில் தட்டிவிடக்கூடாது என்று வெள்ளைக்காரன் நட்ட விளக்கின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. அடுத்தவருடைய சரக்கு ஊரின் பெயரிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது எனலாம். சரக்கின் மூன்று காலங்கள் இந்தக் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகிடக்கின்றன: பாய்மரம், கால்வாய், நிலக்கரி. முதலிரண்டிலும் கரியும் எண்ணெயும் எரியவில்லை. ஆகவே ‘கரியில்லாத சரக்கு’ என்பது இங்கே எதிர்காலக் கனவல்ல. ஒருமுறை இருந்து, அழிந்துபோன விஷயம். ஏன் அழிந்தது, யார் அழித்தார்கள், அது இருந்தபோது யார் முதுகில் ஓடியது என்று கேட்டால்தான் இன்றைய சிக்கலின் முகம் தெரியும்.

2

பாய்மரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1610 வாக்கில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றினார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகர் இதுதான். இங்கிருந்து துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று. துணியைக் கொடுத்துக் கீழைத்தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். இவ்வளவு சரக்கும் பருவக்காற்றில்தான் நகர்ந்தது. காற்று திரும்பும்வரை கப்பல் காத்திருந்தது, கப்பல் வரும்வரை வியாபாரி காத்திருந்தான்.

சுத்தமான எரிபொருள்தான். ஆனால் அதே கப்பல்களில் மனிதர்களும் சரக்காகப் போனார்கள். பஞ்ச காலங்களில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள், பிடித்துவரப்பட்டவர்கள், ஆயிரக்கணக்கில் இந்தக் கரையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். காற்றில் புகை இல்லை, கப்பலின் வயிற்றில் விலங்கு இருந்தது. எரிபொருள் சுத்தமானால் போக்குவரத்து நியாயமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த நானூறு வருஷத்துக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

3

அடுத்தது கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி மதராஸிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காடுவரை நீண்டது. 1837இல் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. வடக்கே கிருஷ்ணா வட்டாரம், தெற்கே மரக்காணம் என்று போய், மொத்தம் 420 கிலோமீட்டர் அளவுக்குக் கடலோரமாகவே ஓடும் உப்புநீர்ப் பாதையாக அது மாறிற்று. மதராஸுக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்த் துண்டு 1877–78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தென்னிந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்துப்போன பஞ்சம் அது. நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்த ‘டெம்பிள் கூலி’ அப்போதுதான் பேர் போயிற்று. எலும்பும் தோலுமாக நின்றவர்கள் வெட்டிய கால்வாய்க்கு வைத்த பெயரோ கவர்னர் பக்கிங்காம் பிரபுவினுடையது. ரயில் வந்தால் பஞ்சம் ஒழியும் என்று அதற்கு முன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராயபுரத்திலிருந்து 1856இலேயே ரயில் ஓடிவிட்டது. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பஞ்சமும் வந்தது.

கால்வாயில் ஓடிய படகுக்கு எஞ்சின் இல்லை. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று விழுந்தால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் ஆகாவிட்டால் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுப்பார்கள். உப்பு, நெல், அரிசி, சவுக்குக் கட்டை, கரி, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் இப்படித்தான் பட்டணத்துக்குப் போயின. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் ஏனாதிகள் வெட்டிய விறகு ஏரியைத் தாண்டி, கால்வாய் வழியே மதராஸ் விறகுத்தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. பட்டணத்து அடுப்பு எரிந்ததெல்லாம் இந்தப் படகுக்காரன் தோள்பட்டையில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

இது ஏதோ ஆதிகாலத்துக் கதையல்ல. 1960–61இல்கூடப் பக்கிங்காம் கால்வாயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு சுமந்தன. ககாரின் விண்வெளிக்குப் போன வருஷமும் அதுதான். பத்து வருஷம் கழித்து, 1971இல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே ராக்கெட் கிளம்பிற்று. விறகு வந்த காடு வேலிக்குள் போனது.

மெதுவான போக்குவரத்துக்கு ஏற்ற ஒரு பொருளாதாரமும் இருந்தது என்பது இங்கு கவனங்கொள்ளத்தக்கது. மீன் பட்டணம் போய்ச்சேர நாளாகும் என்றால் அதைக் கருவாடாக்கித்தான் அனுப்ப முடியும். உப்பும் வெயிலும் காலத்தை நிறுத்திவைத்தன. அறுத்து, உப்பிட்டு, காயவைத்து, கூடையில் கட்டியவர்கள் பெண்கள். சரக்கு மெதுவாகப் போனபோது அதன் மதிப்பில் ஒரு பங்கு அவர்கள் கையில் நின்றது. ஐஸ் பெட்டியும் லாரியும் வந்தபின் மீன் கரையில் இறங்கிய கையோடு ஏஜெண்ட் கைக்குப் போகிறது. வேகம் என்பது வெறும் மணிக்கணக்கு மட்டுமல்ல. யார் கையிலிருந்து யார் கைக்குக் காசு நகர்கிறது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

4

இந்தக் கால்வாய் எப்படிச் செத்தது? ‘நவீனத் தொழில்நுட்பம் வந்தது, பழசு போனது’ என்பதுதான் பாடப்புத்தகப் பதில். அது சரியில்லை. மதராஸிலிருந்து கூடூர் வழியாகப் பெஜவாடா போகும் ரயில் பாதை 1899இலேயே வந்துவிட்டது. கால்வாய்க்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட இணையாக ஓடும் பாதை. அதற்குப் பிறகும் அறுபது வருஷம் படகு ஓடியது. ரயிலால் அதைக் கொல்ல முடியவில்லை.

1965, 1966 புயல்கள் கால்வாயை நாசம் செய்தன. புயல் ரயில்பாதையையும்தான் அடிக்கிறது, ரோட்டையும்தான் அறுக்கிறது. அவற்றை உடனே சரிசெய்கிறார்கள். கால்வாயை அப்படியே விட்டார்கள். லாரிக்கு வேண்டிய ரோட்டைப் பொதுப்பணத்தில் போட்டார்கள், படகுக்கு வேண்டிய மதகைப் பொதுப்பணத்தில் பார்க்கவில்லை. வித்தியாசம் இவ்வளவுதான். அப்புறம் நகரம் தன் சாக்கடையை அதில் திருப்பிற்று. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறக்கப்பட்டன. பொதுப் போக்குவரத்து வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பொதுப் போக்குவரத்தே நீர்வழியின் நெஞ்சில் கால் ஊன்றி நிற்கிறது.

ஆந்த்ரேயாஸ் மால்ம் என்ற ஸ்வீடிஷ் ஆய்வாளர் 2016இல் வெளிவந்த ‘ஃபாசில் கேப்பிடல்’ என்ற நூலில் ஒரு வாதத்தை வைத்தார். பிரிட்டிஷ் பஞ்சாலைகள் ஆற்றுநீர்ச் சக்கரத்திலிருந்து நீராவிக்கு மாறியபோது நீராவி மலிவாக இருக்கவில்லை, தண்ணீர்தான் மலிவு. ஆனால் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு முதலாளி போக வேண்டும், தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். கரியை நகரத்துக்குக் கொண்டுவரலாம், வேலையாட்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில், வேண்டிய நேரத்தில் எரிக்கலாம். இடத்தையும் நேரத்தையும் தன் வசப்படுத்தத்தான் மூலதனம் கரியைத் தேர்ந்தது என்பது அவர் வாதம். நம் கால்வாய்க்கும் இது பொருந்துகிறது என்றே எனக்குப் படுகிறது. படகு காற்றையும் ஓதத்தையும் படகுக்காரனையும் கேட்டுத்தான் புறப்படும். லாரி சேட்டு சொன்ன நேரத்துக்குக் கிளம்பும், குடோன் வாசல்வரை வந்து நிற்கும். டீசல் விற்றது வேகத்தை மட்டுமல்ல, யாரையும் கேட்கவேண்டியதில்லை என்கிற சவுகரியத்தையும் சேர்த்து.

இந்தக் கவர்ச்சியில் விழுந்தவர்கள் காலனி ஆட்சியாளர்கள் மட்டுமல்ல. 1906இல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்தன. அந்தத் தியாகத்தின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமல்ல. ஆனால் விடுதலையின் படிமமாக நம் மனதில் நிலைத்தது புகைபோக்கி வைத்த கப்பல்தான். அதே தூத்துக்குடித் துறையில் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்த தோணி விடுதலையின் படிமமாக ஆகவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தும் கால அட்டவணையை வைத்தும் போட்டியிட்டது. அவனோடு மோதவேண்டுமென்றால் அவனுடைய நேரத்தில், அவனுடைய கரியில்தான் மோதவேண்டியிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த வளர்ச்சிப் பெருங்கதையாடலும் இதே தண்டவாளத்தில்தான் ஓடிற்று. இடதுசாரிகளான நம்முடைய கதையாடலும் பெரிதாக விலகி ஓடவில்லை.

5

மூன்றாவது காலம், இப்போது நடப்பது. இங்கேதான் ‘எஞ்சினை மாத்து’ என்கிற வாதம் உடைகிறது.

குப்பத்திலிருந்து தெற்கே, தெளிந்த நாளில், அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரிகின்றன. வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் ஓடத் தொடங்கியது. அதன் கரித்தேவைக்காகவே திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறந்தது. 2014 முதல் அதற்குக் காமராஜர் பெயர். பக்கத்தில் வல்லூர் நிலையம் வந்தது, வடசென்னையின் அடுத்தடுத்த கட்டங்கள் வந்தன. ஒடிசாவின் தால்ச்சேரில் தோண்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கே கப்பல் ஏறி எண்ணூரில் இறங்கி, கன்வேயர் பெல்ட்டில் கொதிகலனுக்குப் போகிறது. எரிந்த சாம்பல் குழாயில் செப்பாக்கத்துச் சாம்பல்குளத்துக்குப் போகிறது. வழியில் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றிலும் அதே பக்கிங்காம் கால்வாயிலும் படிகிறது. உப்பும் விறகும் போன தண்ணீரில் இப்போது போகும் சரக்கு சாம்பல்தான்.

ஆக, இந்தக் கரையில் நிலக்கரி சரக்கை நகர்த்தும் பொருள் மட்டுமல்ல. அதுவே சரக்கு. உலகக் கணக்கும் இப்படித்தான். கடலில் போகும் சரக்கில் எடைக்கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு. இந்திய ரயில்வே ஏற்றும் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அகலப்பாதைகள் அநேகமாக முழுவதும் மின்மயமாகிவிட்டன என்று பெருமைப்படுகிறோம், படவேண்டியதுதான். ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் கரியிலிருந்து வருகிறது. கரியை எரித்து வந்த மின்சாரத்தில் ரயில் ஓடுகிறது, அந்த ரயில் கரியை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. பாம்பு தன் வாலையே விழுங்கும் கதை.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு. சாதாரண ஜனங்களின் ரயில் டிக்கெட் மலிவாக இருப்பதற்குச் சரக்கு வருமானம்தான் முட்டுக்கொடுக்கிறது. சரக்கில் பாதி கரி. நாளைக்கே கரி நின்றால் பாசஞ்சர் வண்டிக் கட்டணம் என்னாகும்? 1950களின் தொடக்கத்தில் நாட்டின் சரக்கில் முக்கால் பங்குக்கு மேல் சுமந்த ரயில் இன்று மூன்றில் ஒரு பங்குகூடச் சுமப்பதில்லை, மீதியை லாரி எடுத்துக்கொண்டது. சரக்கை ரயிலுக்குத் திருப்பவேண்டும் என்று சொல்கிறவர்கள், கரி போன இடத்தில் ரயில் எதைச் சுமக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அழுக்கை ‘ஒழிப்பது’ என்ற பெயரில் அதை இடம் மாற்றுவதும் நடக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் கரித்தூசி ராயபுரத்து வீடுகளில் படிகிறது என்று வழக்கு நடந்தது. உயர்நீதிமன்ற உத்தரவால் 2011இல் அங்கே கரி இறக்குவது நின்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் கரி நிற்கவில்லை, எண்ணூருக்கு நகர்ந்தது. மணலும் அப்படியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ் துறைமுகத்துச் சுவர் கடலுக்குள் நீண்டபோது தெற்கே மெரினா மணலால் அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. இந்தக் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. குறுக்கே கல்லைப் போட்டால் வடக்கே இருக்கிறவன் வீடு போகும். திருவொற்றியூர், எண்ணூர், இப்போது காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டுக் குப்பங்கள் என்று அரிப்பு துறைமுகங்களோடு சேர்ந்தே வடக்கே நகர்கிறது. கரையைக் கரைப்பது கப்பலின் புகையல்ல, துறைமுகத்தின் கல். கப்பல் நாளைக்கு ஹைட்ரஜனில் ஓடினாலும் அந்தக் கல் அங்கேயேதான் கிடக்கும்.

6

குப்பத்துக்காரரும் டீசலில்தானே போகிறார் என்று ஒரு கேள்வி வரும். வரட்டும். பாயும் துடுப்புமாக இருந்த கட்டுமரம் போய் ஃபைபர் போட்டும் எஞ்சினும் வந்துவிட்டன. அரசு மானியத்தில் எண்ணெய் கொடுக்கிறது. கரையோரத்தில் மீன் குறைந்து தூரம் போகவேண்டியிருக்கிறது, ஏலத்துக்கு நேரத்தோடு திரும்பவேண்டியிருக்கிறது. காசிமேட்டுக்கு ஐஸ் லாரி காத்திருக்கிறது. ஏரி நண்டு உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான் இவர். ‘நீங்க முதல்ல பாய் கட்டுங்க’ என்று அவரிடம் சொல்வது அயோக்கியத்தனம்.

அதே சமயம், பழைய ஏற்பாடு எல்லாம் பொன்னுலகம் என்று நான் சொல்லவரவில்லை. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைக்கும் ‘பாடு’ பழவேற்காட்டுக் குப்பங்களில் உண்டு. நேரத்தைச் சந்தையிடம் விடாமல் ஊரே பங்கிட்டுக்கொள்ளும் அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பாட்டில் தலைக்கட்டு இருப்பவர் பட்டினவர் ஆண் மட்டும்தான். கையால் இறால் தடவும் இருளருக்கும் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. கால்வாயைப் பஞ்சம் வெட்டிற்று, விறகை ஏனாதி வெட்டினான், படகை மனிதத் தோள் இழுத்தது. கரியில்லாத காலத்துக்குத் திரும்புவோம் என்கிற ஏக்கத்தில் இந்தத் தோள்கள் காணாமல் போய்விடுகின்றன. எஞ்சின் வந்தபோது கயிற்றைக் கீழே போட்டவனுக்கு அது விடுதலையாகவும் இருந்திருக்கும்தானே?

தொழில்நுட்பச் சிரமங்களும் உண்மையானவை. ஒரு கிலோ டீசலில் சுமார் 12 யூனிட் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் யூனிட் அளவுதான். எஞ்சின் பாதிக்கு மேல் சூடாக வீணடிக்கிறது என்று கழித்தாலும் இடைவெளி பெரிது. பாரம் ஏற்றவேண்டிய லாரி பேட்டரியையே பாரமாகச் சுமக்கவேண்டிவருகிறது. நகரத்துக்குள் ஓடும் சின்ன வண்டிக்குச் சமாளிக்கலாம், கடல் தாண்டும் கப்பலுக்கு முடியாது. கப்பலுக்கு உலக அளவில் கரிமக் கட்டணம் விதிக்கும் ஏற்பாட்டைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் அக்டோபரில், பெரிய எண்ணெய் நாடுகளின் எதிர்ப்பில், முடிவை ஒரு வருஷம் தள்ளிவைத்தது. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தச் சிரமங்களை மட்டுமே சிரமம் என்று பேசும்போது, இவ்வளவு சரக்கு எதற்கு என்கிற கேள்வி மேடைக்கே வருவதில்லை.

7

நீர்வழிகூட இப்போது மறுபடி பேச்சில் வந்திருக்கிறது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரிவரை, பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்த பாதை 2008இல் நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியில் சரக்குப் படகு ஓடவில்லை. ஓடினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதில் எது ஓடும்? வழியில் வலை போடுகிறவரின் இடத்தைத் தோண்டி ஆழப்படுத்தி, கண்டெய்னரும் கரியும் போகும் பாதையாக அது ஆகுமென்றால், ‘பசுமை’ என்ற சொல் இன்னொரு புகைபோக்கியாகத்தான் இருக்கும்.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013 வாக்கில் இயங்கத் தொடங்கி, 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராகவும், ஆண்டுக்கு 2.46 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாகவும் அதை விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பழவேற்காட்டு ஊர்கள் எதிர்த்தன. 2021இலும் 2023இலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. இது சின்ன விஷயமல்ல. சரக்கின் வேகத்தை யாரோ நிறுத்தி, ‘எங்களைக் கேட்டுட்டுப் போ’ என்று சொன்ன தருணம் அது. ஐரோப்பாவில் கரித்தொழிலாளர்கள் சுரங்கத்திலும் ரயிலிலும் துறைமுகத்திலும் கரியை மறித்ததால்தான் ஜனநாயக உரிமைகள் கிடைத்தன என்று திமோத்தி மிட்செல் எழுதியிருக்கிறார். கன்வேயர் பெல்ட்டில் கரி ஓடும் எண்ணூரில் மறிப்பதற்கு அவ்வளவு தொழிலாளர்கள் இல்லை. மறிக்கும் இடம் துறைமுகத்துக்குள்ளிருந்து கரைக்கு, குப்பத்துக்கு நகர்ந்திருக்கிறது.

அடுத்த கருத்துக்கேட்பு என்றைக்காவது வரும். தாசில்தாரும் கம்பெனி அதிகாரியும் மின்சாரக் கிரேன், சூரியத் தகடு, பசுமைத் துறைமுகம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அங்கே போகும் தோழர்கள் அலையின் உயரம், ஆமை முட்டை, அரிப்பின் மீட்டர்க்கணக்கு எல்லாவற்றையும் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். கூடவே ஒரு சரக்குப் பட்டியலையும் கேட்கவேண்டும் என்பது என் யோசனை. 32 கோடி டன்னில் கரி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, கார் எவ்வளவு, அரிசி எவ்வளவு? எங்கிருந்து வருகிறது, யார் வீட்டுக்குப் போகிறது, அந்த அவசரம் யாருடையது? எந்த எஞ்சினில் வருகிறது என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.